இணையவழிக் கருத்தரங்கம்: கட்டுரைகளை நேரலையில் வாசிக்க வைப்பதா, முன்பே பதிவு செய்து வாங்குவதா?

நெல்லை ஆசிரியை:
வணக்கம். எங்கள் கல்வியியல் கல்லூரியில் நவம்பர் முதல் வாரம் இரண்டு நாள் இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்கம். பொருள்: வகுப்பறையில் செயற்கை நுண்ணறிவும் மெய்நிகர் ஆய்வகங்களும். 40 கட்டுரைகள் தேறியுள்ளன. யாழ்ப்பாணம், கோலாலம்பூர், டொரண்டோவிலிருந்தும் கலந்துகொள்கிறார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் வாசித்தாலே பொழுது போய்விடும், கேள்விக்கு இடமில்லை. கரண்ட்டையும் நம்ப முடியாது. என்ன செய்யலாம்?

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்:
மேடம், வாசிப்பை நேரலையிலிருந்து எடுத்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடக்கவிருந்த ஐசிஎல்ஆர் (ICLR) என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வு மாநாடு கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியது. பெரும்பாலான கட்டுரைகளுக்கு ஐந்து நிமிடக் காணொளியை முன்பே வாங்கிவிட்டார்கள். கட்டுரையாளர்கள் நேரலைக்கு வந்தது கேள்வி பதிலுக்குத்தான்; அதுவும் ஒரே கட்டுரைக்கு இரண்டு வேளை, எந்த நாட்டுக்காரருக்கும் ஒன்றாவது ஒத்துவரும்படி.

நீங்களும் காணொளிகளை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அமர்வுத் தலைவர் ஒவ்வொன்றையும் பார்த்து, கட்டுரைக்கு இரண்டு கேள்வியாவது எழுதிக்கொண்டு வரவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓர் ஆய்வு மாணவி மாதக்கணக்கில் உழைத்து எழுதியதற்கு 'அருமை, நன்றி, அடுத்தவர்' என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பொறுக்கவே பொறுக்காது.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும், கட்டணக் கணக்கு எடுங்கள். வேறு ஊரில் இருக்கும் ஒருவரை இணை ஹோஸ்ட் (கூட்டத்தை நடத்தும் உரிமை உள்ளவர்) ஆக்கிவிட்டால் உங்கள் பக்கம் கரண்ட் போனாலும் கூட்டம் நடக்கும்.

தேதியையும் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறு டொரண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். நமக்கு மாலை 6.30 என்றால் அங்கே அதுவரை காலை 9, அதன்பின் காலை 8. கோலாலம்பூரில் இரவு 9. அழைப்பிதழில் ஒவ்வொரு ஊர் நேரத்தையும் போட்டுவிடுங்கள்.

யாழ் விரிவுரையாளர்:
காணொளியோட கட்டுரையையும் அனுப்புங்கோ. எங்கட பிள்ளையள் கனபேர் போன் டேட்டாவிலதான் பார்க்கினம். ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் வேண்டாம். யூனிகோட் இல்லாத பழைய பாமினி எழுத்துருவில அடிச்சதும் வேண்டாம்; பார்வையற்ற ஆசிரியர்மாருக்குத் திரைவாசிப்பான் அதைத் தமிழாக வாசிக்காது. யூனிகோட்டில மட்டும் வாங்குங்கோ.

நெல்லை ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. எங்களுக்கு வந்ததிலேயே பாமினியில் சில இருக்கின்றன, மாற்றச் சொல்கிறேன். இன்னொன்று: மின்சான்றிதழுக்காக மட்டும் பதிவு செய்பவர்களை என்ன செய்வது?

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்:
கடைசி அமர்வில் சான்றிதழுக்கான பின்னூட்டப் படிவ லிங்க்கைப் போடுவதால்தான் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் கூட்டம் சேருகிறது. அதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியவருக்கே சான்றிதழ் என்று அழைப்பிதழிலேயே அறிவியுங்கள். பதிவு குறையும், குறையட்டும். வரும் கேள்விகளை அந்தந்தக் கட்டுரையாளருக்கு அனுப்பி, பதிலையும் ஆய்வுக்கோவையில் சேருங்கள்.