தேக்கங்காட்டு எல்லையில் சருகு கூட்டினால் குற்றமா?

காணிக்காரி, முள்ளியவளை:
எங்கள் பின்வேலிக்கு அப்பால் அரசாங்கத் தேக்கங்காடு. கச்சான் காற்று தொடங்கினால் எனக்கு உறக்கமில்லை. போன ஆடியில் நெருப்பு வேலிவரை வந்து கதியால்கள் கருகின. பதினெட்டுத் தென்னம்பிள்ளைகளும் போய்விட்டன. தேக்கிலை ஒவ்வொன்றும் சுளகளவு, கணுக்கால் புதையக் கிடக்கிறது. வேலிக்கு அப்பால் பத்தடிக்குச் சருகைக் கூட்டி அள்ளலாமா? "காட்டுக்குள் கத்தியோடு நின்றாலே வழக்கு" என்கிறார் என் கணவர்.

பழைய காவற்காரன்:
தங்கச்சி, அவர் சொல்வதில் பாதி உண்மை. வனக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஒதுக்கக் காட்டை அனுமதியின்றித் துப்புரவாக்குவதும் குற்றம், நெருப்பு வைப்பதும் குற்றம். ஆகவே கச்சான் தொடங்குமுன் வட்டார வன அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். கிராம அலுவலரையும் ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், அனுமதி கடதாசியில் வரட்டும்.

உங்கள் பக்கத்தைச் செருக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நெருப்பு தாண்டாமல் இருக்க மண்ணைத் துப்புரவாக்கி விடும் நெருப்பெல்லையை நான் கூலிக்கு வெட்டியவன். புல்லை அரிந்துவிட்டு வந்தால் வீண்வேலை, மண் தெரிய வேண்டும். அள்ளும் சருகைக் காட்டுப் பக்கம் தள்ளாமல் தென்னைக்குப் புதையுங்கள்.

முற்றிய தேக்கு இலேசில் சாகாது. ஆனால் அடிமரம் வெந்த இடத்தால் உக்கல் ஏறிவிடும். அது மரத்தை அறுக்கும்போதுதான் தெரியும்.

பட்டிக்காரன், ஒட்டுசுட்டான்:
நெருப்பு தானாகப் பற்றுவதில்லை, அக்கா. இளம்புல் முளைக்கட்டும் என்று எங்கள் ஆட்களே கொளுத்துகிறார்கள். தேன் எடுக்கப் போகிறவர்களின் பந்தமும் காரணம். வயல் விதைத்தால் மாட்டை எங்கே கொண்டுபோவது? மேய்ச்சல்தரை கேட்டுக் கேட்டு என் தலையும் நரைத்துவிட்டது. அதற்காகக் கொளுத்தியது சரியென்று சொல்ல வரவில்லை.

பழைய காவற்காரன்:
தம்பி ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். தங்கச்சி, இன்னொன்று. நெருப்பைக் கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள், அணைக்கவென்று உள்ளே ஓடாதீர்கள். சண்டை 2009இல் முடிந்தாலும், காட்டில் மிஞ்சிக் கிடந்த வெடிபொருள் ஏதோ சூட்டில் வெடித்த சத்தத்தை நான் பிறகும் கேட்டிருக்கிறேன். அணைந்துவிட்டதென்று நினைத்தாலும் பட்ட பாலைமரப் பொந்துகளைப் பாருங்கள். உள்ளே நாட்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

காணிக்காரி:
நன்றி ஐயா. கணவரிடம் காட்டினேன். கடிதத்தை அவர் எழுதுகிறாராம், சருகு அள்ளுவது என் வேலையாம்.