ஜமீன் வீட்டு வெள்ளி மைக்கூடு: எடைக்குப் போடலாமா?

கீழவீடு:
அம்மா வழித் தாத்தா வீடு ஒரு சின்ன ஜமீன். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் நிலம் போனது. ஜமீன் கச்சேரி (அலுவலக) மேசையில் இருந்த வெள்ளி மைக்கூடு மட்டும் தங்கிவிட்டது. நீளத் தட்டு, பேனா வைக்கப் பள்ளம், வெள்ளி மூடி போட்ட மூன்று கண்ணாடிக் குப்பிகள். ஒரு மூடியில் மட்டும் துளைகள் இருக்கின்றன. அது விபூதிக்கு என்பார் பாட்டி. தட்டின் நடுவில் எங்கள் ஜமீன் முத்திரை. அடியில் நடக்கும் சிங்கம், கிரீடம் வைத்த சிறுத்தை முகம், ஒரு ராஜா தலை, பெரிய 'எம்' எழுத்து. கலெக்டர் துரை கொடுத்தது என்பது குடும்பப் பேச்சு. இப்போது பாகப்பிரிவினை நடக்கிறது. தம்பி எடைக்குப் போட்டுக் காசைப் பிரிக்கலாம் என்கிறான். அக்கா கனடாவுக்கே எடுத்துப் போகிறேன் என்கிறாள். கடையில் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

தெற்குவாசல்:
சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், 92.5 சதவீதம் வெள்ளி. எடைக்குப் போட்டால் நல்ல காசுதான்.

பட்டறைத்தெரு:
தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாக வெள்ளி வேலை. இப்படிப்பட்ட சாமான்கள் உருக்குமூசைக்குள் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த வேதனையில் சொல்கிறேன்.

ராஜா தலை என்பது தீர்வை கட்டியதற்கான முத்திரை, 1784 முதல் 1890 வரை அடித்தார்கள். சிறுத்தை முகம் லண்டன் முத்திரை, அதன் கிரீடத்தை 1821-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் தட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. லண்டனில் ஆண்டுக்கு ஓர் எழுத்து. 1796-ல் பெரிய 'ஏ'யில் தொடங்கிய வரிசையில் 'எம்' என்றால் 1807. மூடிகளிலும் முத்திரை இருக்கும், ஒத்துப்போகிறதா பாருங்கள்.

துளை மூடி விபூதிக்கு இல்லை. மை பரவாமல் இருக்கக் காகிதத்தில் தூவும் பொடிக்கானது. கணவாய் ஓட்டை அரைத்தும் அந்தப் பொடியைச் செய்வார்கள். மை ஒற்றும் தாள் பரவியதும் இந்தக் குப்பிக்கு வேலை போய்விட்டது. அது கூடவே தங்கியிருப்பது பெரிய விஷயம், மூன்றையும் பிரிக்கவே கூடாது.

பாலிஷ் மிஷின் ஒரு தடவை பட்டால் பொறிப்பு மழுங்கிவிடும். புளி, விபூதி வேண்டாம். குப்பிகளை எடுத்து வைத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிப் பருத்தித் துணியால் ஒற்றினால் போதும். பொறிப்புக்குள் இருக்கும் கறுப்பு அங்கேயே இருக்கட்டும், கோடு எடுப்பாகத் தெரிவதே அதனால்தான்.

அக்காவிடமும் சொல்லிவிடுங்கள்: 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனிப்பட்டவர் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது.

அப்புறம் ஒன்று, ஜமீன் முத்திரையின் மேல் மூச்சை ஊதி, ஆவி படியும்போது சாய்த்துப் பாருங்கள்.

கீழவீடு:
ஊதினேன். எங்கள் முத்திரைக்குப் பின்னால் ஒரு கேடயத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்து மறைந்தது! அந்த இடத்தில் தகடும் மெலிசாக இருக்கிறது.

பட்டறைத்தெரு:
அதைத்தான் எதிர்பார்த்தேன். முதல் சொந்தக்காரரின் குலச் சின்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு உங்கள் முத்திரையைப் பொறித்திருக்கிறார்கள். ஆக, முதலில் இது வேறொரு குடும்பத்துச் சொத்து. துரை கொடுத்திருக்கலாம், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமானை ஏலம் விடுவார்கள், அதில் உங்கள் முன்னோர் எடுத்தும் இருக்கலாம். பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். கேடயத்துக்குள் ஒரு பிராணியோ பட்டையோ தெரிந்தால் எந்தக் குடும்பம் என்று தேடிப்பார்க்கலாம். அதுவரை தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.