கிட்டார் பாடிக்கு நீலச் சாயம் போட்டேன், திட்டுத் திட்டா வெளுத்திருக்கு. அவசரம்!

நீலக்கம்பி: எல்லாருக்கும் வணக்கம். கிட் (பாகங்களா வர்ற பெட்டி) வாங்கி எலெக்ட்ரிக் கிட்டார் பண்றேன். மேல ஃபிளேம் மேப்பிள் வெனீர், அதாவது அலை அலையா ரேகை ஓடுற மேப்பிள் மரத்தோட மெல்லிய தகடு. நேத்து ராத்திரி நீலச் சாயம் தேய்ச்சேன். காலைல பாத்தா நடுவுல நாலஞ்சு இடம் சாயமே பிடிக்கல, ஓரத்துலயும் ஒரு திட்டு. ஞாயித்துக்கிழமை தங்கச்சிக்குப் பிறந்தநாள், அவளுக்குத்தான் இது. உப்புத்தாள் போட்டு மறுபடி தேய்ச்சுடவா?

மரவாசம்: தேய்க்காதீங்க! சாயம் தண்ணில கரைச்சதா, ஸ்பிரிட்லயா? வெனீர் நீங்க ஒட்டினதா, ஒட்டியே வந்ததா? எத்தனாம் நம்பர் தாள் போட்டீங்க? படம் எங்க?

ஆறுதந்தி: கை எண்ணெய்தான், வேற ஒண்ணுமில்ல. வெறுங்கையால பாடியைத் தூக்கியிருப்பீங்க. தின்னர்ல துடைச்சுட்டு மறுபடி போடுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

பாலிஷ்பெரியவர்: தம்பி, துண்டு மரத்துல போட்டுப் பாக்காம நேரா பாடில சாயம் போட்டா இப்படித்தான் ஆகும். இதை இங்க எத்தனை தடவை எழுதியாச்சு! தேடிப் படிச்சுட்டு வந்து கேளுங்க.

மரவாசம்: ஐயா, கிட்ல துண்டு மரம் வராது. பிக்கப் (கம்பி அதிர்வை எடுக்குற கருவி) உக்கார்ற குழிக்குள்ளயும் வெனீர் இருக்காது. அவர் எதுல போட்டுப் பாப்பார்?

நீலக்கம்பி: ஒட்டியே வந்தது. ஸ்பிரிட் சாயம். 120, அப்புறம் 220. படம் ராத்திரி போடறேன்.

மரவாசம்: 120-ஆ! அது சொரசொரப்பான தாளாச்சே. அந்த வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. வெளுத்த இடத்துக்குள்ளயும் மேப்பிளோட அலை ஓடுதுன்னா, வெனீருக்கு அடியில இருந்த பசை மேல கசிஞ்சு துளையை அடைச்சிருக்கு. அலை அந்த இடத்துல அறுந்து வேற ரேகை தெரிஞ்சா, வெனீரே தேஞ்சு அடிமரம் வந்துடுச்சு. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம் வேற.

ஆறுதந்தி: வெனீர் ஒட்டின கிட்டார்ல சத்தமே செத்துடும். முழு மேப்பிள் பலகை வாங்கியிருக்கலாம்.

சுருதிசுத்தம்: எலெக்ட்ரிக்ல பிக்கப் எடுக்குறது கம்பியோட அதிர்வை. 1968-ல ஃபெண்டர் கம்பெனி தன்னோட டெலிகாஸ்டர் கிட்டார் பாடில சுவர்ல ஒட்டுற மாங்காய் டிசைன் காகிதத்தையே ஒட்டி வித்துது. எல்விஸ் பிரெஸ்லி பின்னாடி நின்னு ஜேம்ஸ் பர்ட்டன் வாசிச்சது அதைத்தான். அந்தச் சத்தம் செத்தா இருந்துது?

ஆறுதந்தி: அவர் கைக்கு எதைக் குடுத்தாலும் பேசும். நான் சொல்றது மரத்தைப் பத்தி.

பாலிஷ்பெரியவர்: மரமே தெரியாதவங்க மரத்தைப் பத்திப் பேசினா இப்படித்தான்.

மரவாசம்: இதுக்குத் தனி இழை போடுங்க, அவருக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள வேலை முடியணும். நீலக்கம்பி, பசைன்னா அந்த இடத்தை மட்டும் பிளேடு விளிம்பால ரேகையோட போக்குல மெல்லச் சுரண்டுங்க. நாலஞ்சு இழுப்பு போதும். அப்புறம் சின்ன பிரஷ்ல சாயம். தேஞ்ச இடம்னா எதுவும் சுரண்டாதீங்க, அடிமரம் இன்னும் பெருசாத்தான் தெரியும். அரக்கு பாலிஷ்ல சாயத்தைக் கலந்து தொட்டு வைங்க. ஒரே இழுப்பு. காயறதுக்குள்ள மறுபடி தொட்டா அடியில இருக்கிறதையும் கரைச்சு இழுத்துடும். ஓரம்னா சுத்திலும் கறுப்பா பர்ஸ்ட் (ஓரத்துல அடர்த்தியா, உள்ள போகப் போக மங்குற நிறம்) அடிச்சு மறைச்சுடலாம், அழகாவும் இருக்கும். சாயத்து மேல லேக்கரை (கடைசியா போடுற பளபளப்புப் பூச்சு) பிரஷ்ல போட வேண்டாம், நீலம் கூடவே வரும். மெல்லிசா ஸ்பிரே பண்ணுங்க.

குழலோன்: எனக்கும் இதே பிரச்சினை, ஆனா அக்கூஸ்டிக்ல. அதுக்கும் பர்ஸ்ட் சரி வருமா?

நீலக்கம்பி: நடுவுல அலை ஓடுது, பசைதான். சுரண்டினேன், சாயம் பிடிச்சிடுச்சு. ஓரத்துல அறுந்திருக்கு. கறுப்பு பர்ஸ்ட் அடிச்சுட்டேன், இப்ப காயுது. மரவாசம் அண்ணே, ரொம்ப நன்றி. படம் அப்புறம்.

மரவாசம்: சந்தோஷம். கம்பி மாட்ட அவசரப்படாதீங்க, லேக்கர் தொட்டுப் பாக்க காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். ஞாயித்துக்கிழமை கைல குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, வாசிக்க ரெண்டு வாரம் போகட்டும்.