மடலாடல்: "ஃபங்ஷனல் அயர்ன் டெஃபிசியன்சி"க்குத் தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். டயாலிசிஸ் தேவைப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கான இரத்தசோகைக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. டிரான்ஸ்ஃபெரின் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) நிறைவு 20 விழுக்காட்டுக்குள், ஃபெரிட்டின் (சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் புரதம்) 100க்குள் என்றால் "இரும்புக் குறைபாடு" என்று எழுதிவிட்டேன். நிறைவு 15, ஃபெரிட்டின் 400 என்று வந்தால்? "செயல்சார் இரும்புக் குறைபாடு" போதுமா?

சிறுநீரக மருத்துவர்:
போதாது. ஆய்வக அறிக்கையில் ஃபெரிட்டினுக்கு நேராகத் தடித்த எழுத்தில் "அதிகம்" என்று இருக்கும். கையேடு "குறைபாடு" என்னும். நோயாளி எதை நம்புவார்? நடப்பது இதுதான். அழற்சியாலும், சிறுநீரகம் சரிவர வெளியேற்றாததாலும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலான ஃபெரோபோர்ட்டினை அது அடைக்கிறது. கல்லீரலில் இரும்பு கிடக்கும், எலும்பு மஜ்ஜைக்கு வந்து சேராது. குடலிலும் அதே வாசல்தான், அதனால் இரும்பு மாத்திரை சரியாக ஏறாது. ஒன்று முதல் மூன்று மாதம் கொடுத்தும் பலனில்லை என்றால் இரும்பைச் சிரை வழியே ஏற்றுகிறோம். என் சொல்: இரும்பு முடக்கம்.

தமிழாசிரியர்:
"முடக்கம்" என்றால் போக்குவரத்து முடக்கம்தான் நினைவுக்கு வரும். முடங்கு + இரும்பு = முடங்கிரும்பு. உகரம் கெட்டு, வினைத்தொகையாக முக்காலத்துக்கும் நிற்கும். இரும்பு என்பதே கருமையிலிருந்து வந்தது என்பார்கள். இருள், இரும்பிடி (கரிய பெண்யானை) எல்லாம் ஒரே வேர். கரும்பொன் என்ற பெயரும் அதனால்தான். அப்படியே "இரத்தசோகை"யைக் "குருதிச்சோகை" ஆக்கிவிடுங்கள்.

செவிலியர் பயிற்றுநர்:
ஐயா, வேர் சரி. "உங்களுக்கு முடங்கிரும்பு" என்று நோயாளியிடம் சொல்லிப் பாருங்கள், விழிப்பார். எட்டாக்கனி எல்லாருக்கும் தெரியும். "எட்டா இரும்பு" என்போமே!

சிறுநீரக மருத்துவர்:
எட்டாக்கனி கடைசிவரை எட்டாதது. சிரை வழி ஏற்றினால் இது பலருக்கு ஓரளவு எட்டுகிறதே. நம்பிக்கையைக் கெடுக்கும் சொல் வேண்டாம்.

இன்னொன்று. கையேட்டில், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ஊசியை "இரத்த ஊக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊக்கி என்றால் கூடக்கூட நல்லது என்ற எண்ணம் வரும். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போகாமல் பொதுவாக ஊசியைத் தொடங்குவதில்லை; 11.5க்கு மேல் கொண்டுபோவதும் இல்லை. சர்க்கரை நோயுள்ள சிறுநீரக நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ட்ரீட் ஆய்வில், ஹீமோகுளோபின் 13ஐ இலக்காக வைத்தவர்களிடம் பக்கவாதம் ஏறத்தாழ இருமடங்கு. முடங்கிய இரும்பைக் கவனிக்காமல் ஊசி போட்டால் மருந்தின் அளவு ஏறும், ஹீமோகுளோபின் ஏறாது, இரத்த அழுத்தம் ஏறும். "எரித்ரோபொயட்டின் ஊசி" என்றே இருக்கட்டும்.

தமிழாசிரியர்:
அங்கே ஒலிபெயர்ப்பு, இங்கே தமிழா? "குருதியாக்க ஊசி" என்னலாமே.

செவிலியர் பயிற்றுநர்:
மருந்துச்சீட்டில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகாது ஐயா. மாற்றி வாங்கிவிட்டால் யார் பொறுப்பு?

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. "இரும்பு முடக்கம்" என்றே போடுகிறேன். அடியில் ஒரு வரி: "உடலில் இரும்பு இருக்கிறது, இரத்தம் ஊறும் இடத்துக்கு வரவில்லை; மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டாதீர்கள்." இரத்தசோகை அப்படியே இருக்கும். ஊசிக்கு மருந்துச்சீட்டுப் பெயர்தான்.

தமிழாசிரியர்:
அந்த அடிவரி நன்று. சொல்லுக்கு என் உடன்பாடு இல்லை. கலைச்சொல் பட்டியலிலாவது முடங்கிரும்பு ஏறட்டும்.