பக்கத்தில் கடையும் வீடும் அலுவலகமும் சேர்ந்த பெரிய கட்டடம் வந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

மூலைவீடு எழுதியது:

இரண்டு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கூட்டம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலை இடம். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே வீடுகள் என்று வழக்கமான திட்டம்தான். கருத்துக் கேட்புக்குக் கூப்பிட்டார்கள், போனோம். திரையில் காட்டிய படத்தில் மரங்களும் நடந்து போகிற மனிதர்களும் இருந்தார்கள். வண்டி ஒன்றுகூட இல்லை.

போக்குவரத்து அறிக்கையைப் பற்றி ஓர் இளம் பொறியாளர் பேசினார். கட்டடம் வந்த பிறகும் எங்கள் முனை சிக்னலில் காத்திருப்பு சில நொடிதான் கூடும் என்றார். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். "வண்டிகளை எந்தத் தேதியில் எண்ணினீர்கள் தம்பி?" அவ்வளவுதான் கேள்வி. பொறியாளர் பக்கங்களைப் புரட்டித் தேடி, தேதியைப் படித்தார். பெரியவர் சொன்னார்: "அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு." அறையில் யாரும் பேசவில்லை. சிக்னலை ஒட்டித்தான் பள்ளிக்கூடமே இருக்கிறது.

வெளியே வரும்போது அந்தப் பொறியாளரே பெரியவரிடம் வந்து, "ஐயா, நீங்கள் கேட்டது சரி. ஆனால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். அதற்குக் கடைசி நாள் நேற்று" என்றார்.

அந்த அறிக்கை மூன்று வாரமாக என் பையில் இருந்தது. நான் எத்தனை மாடி என்று மட்டும் பார்த்திருந்தேன். தேதியைப் பார்க்கவே இல்லை.

எதிர்சாரி எழுதியது:

உங்கள் சிக்னலாவது அறிக்கையில் இருந்தது. எங்கள் தெரு அதில் இல்லவே இல்லை. இரண்டு பெரிய சந்திப்புகளை மட்டும் ஆராய்ந்திருந்தார்கள். கட்டடம் திறந்தபின் முதன்மைச் சாலையில் வரிசை நீண்டது, வழிகாட்டிச் செயலிகள் எங்கள் தெருவைக் குறுக்குவழியாகக் காட்ட ஆரம்பித்தன.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தத்தில் காதில் விழவில்லை. கடந்து போய்க் கேட்கலாம் என்று நின்றேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவரும் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் கையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருக்கிறார் என்பது நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பதினேழு வருடப் பழக்கம்.

நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை வைத்துச் செய்த ஆய்வு 1972-இல் வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 2,000 வண்டி போகும் தெருவில் இருப்பவர்களுக்குத் தெருவுக்குள்ளேயே சராசரியாக 3 நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. இதைப் படித்தபோது அந்த அக்கா கையை அசைத்ததுதான் கண்ணில் வந்தது.

சரிவுப்பாதை எழுதியது:

மேலே எழுதிய இருவர் சொல்வதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. வண்டி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்று எல்லா ஊரிலும் கோபப்படுகிறோம். நாங்களும் கோபப்பட்டோம். கோபப்பட்டு என்ன கேட்டோம் தெரியுமா? இன்னும் நிறைய பார்க்கிங். ஒரு வருடம் போராடி, தரைக்கடியில் ஒரு தளம் கூடுதலாக வாங்கினோம். கையெழுத்து சேகரித்ததில் நானும் ஒருவன்.

இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் நடந்து வரக்கூடியவர்களும் வண்டியில் வந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து வண்டி ஏறிவரும் சரிவுப்பாதை எங்கள் நடைபாதையை வெட்டிக்கொண்டு போகிறது. ஒரு காலையில் சைக்கிளில் ஒரு பையன், எட்டு வயது இருக்கும். கீழிருந்து ஏறி வந்த கார் மூக்கை நீட்டிய பிறகுதான் ஓட்டியவருக்கு அவன் தெரிந்தான். பிரேக் பிடித்துவிட்டார். பையன் விழுந்து எழுந்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். நான் அங்கேயே நின்றேன். அந்த வாசல் நான் கேட்டு வாங்கியது.

சாலையை அகலப்படுத்தச் சொல்கிறவர்களுக்கும் இதே கதைதான். நெரிசல் நேரத்தில் புது இடம் கிடைத்தால் புது வண்டி வந்து நிரப்பும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆண்டனி டவுன்ஸ் 1962-லேயே எழுதிவிட்டார்.

எண்ணியவன் எழுதியது:

நான் சில வருடம் சந்திப்புகளில் உட்கார்ந்து வண்டி எண்ணும் வேலை பார்த்தேன். ஒரு முறை ஒரு சிறுமி பக்கத்தில் வந்து என் படிவத்தை எட்டிப் பார்த்தாள். கார், லாரி, பஸ், இருசக்கரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. "நடந்து போறவங்க எந்தக் கட்டம்?" என்றாள். இல்லை. அன்று அந்த முனையைக் கடந்தவர்களில் பாதிப்பேராவது நடந்துதான் போனார்கள்.

அதனால் ஒன்று சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். அறிக்கை முடிந்த பிறகு சண்டை போடுவதைவிட, எந்தெந்த முனைகளை ஆராய்வது என்று முடிவு செய்யும் கட்டத்திலேயே உள்ளே போய்விடுங்கள். எதிர்சாரி அவர்களின் தெரு விடுபட்டது அங்கேதான். அடுத்து, கட்டடத்தால் வரும் புதுப் பயணங்களை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் எந்த வகைக் கட்டடத்துக்கு எத்தனை பயணம் என்று சொல்லும், அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் சங்கமான ஐடிஇயின் அட்டவணைகளை எடுத்துப் போடுவார்கள். அதில் பெரும்பகுதி கார் இல்லாமல் போகமுடியாத புறநகர் இடங்களில் எண்ணியது. கடையும் வீடும் ஒரே இடத்தில் இருந்தால் சில பயணங்கள் வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். கழிப்பது நியாயம்தான், எவ்வளவு கழித்தார்கள் என்பதில்தான் விளையாட்டு. வீடுகள் முதலில் வந்து கடைகள் ஐந்து வருடம் கழித்து வந்தால் அப்படிக் கழித்தது ஐந்து வருடத்துக்குப் பொய். பக்கத்தில் ஏற்கனவே அனுமதி வாங்கிய மற்றக் கட்டடங்களின் வண்டிகளைச் சேர்த்தார்களா என்றும் பாருங்கள்.

சிக்னலுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். ஒரு வண்டிக்குச் சராசரிக் காத்திருப்பு 80 நொடியைத் தாண்டினால் எஃப், அதாவது கடைசித் தரம். இது வண்டிக்காரர் காத்திருப்பு மட்டும்தான். கலிபோர்னியாவில் 2013-இல் சட்டம் கொண்டுவந்து, 2020 ஜூலையிலிருந்து சுற்றுச்சூழல் ஆய்வில் இந்தத் தரத்தை விட்டுவிட்டு, திட்டத்தால் மொத்தம் எத்தனை மைல் வண்டி ஓட்டம் கூடும் என்று பார்க்கிறார்கள். உங்கள் ஊரில் எது நடைமுறை என்று கேளுங்கள். சரக்கு வண்டி எங்கே நின்று இறக்கும் என்று கட்டாயம் கேளுங்கள், வரைபடத்தில் அதற்கு இடமே இருக்காது. வாக்குறுதி எதுவானாலும் அனுமதியின் நிபந்தனையாக எழுதி வாங்குங்கள், "முதல் வீட்டில் ஆள் குடியேறும் முன்" என்று காலத்தோடு.

வாடகைவீடு எழுதியது:

எண்ணியவன் சார், நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் உள்ளே போங்கள் என்கிறீர்களே, எங்களை யார் உள்ளே விட்டார்கள்? கடிதம் வீட்டு உரிமையாளர்களுக்குத்தான் போனது. கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பை, மழையில் மை கரைந்து பாதி அழிந்த பிறகு பார்த்தேன். கூட்டத்தில் வாசலில் ஒரு நோட்டு. பெயர், முகவரி, அடுத்த கட்டம் "சொத்து எண்". என் பேனா அங்கே நின்றுவிட்டது. மேசையில் இருந்த பெண் நல்லவர்தான், "இல்லையென்றால் காலியாக விடுங்கள்" என்றார். காலியாக விட்டேன். உள்ளே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969-இல் மக்கள் பங்கேற்புக்கு, ஏணி போல, கீழிருந்து மேலாக எட்டுப் படி வைத்தார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. நீங்கள் எல்லோரும் நான்காம் படியில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். எனக்கு மூன்றாவதே கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இருந்த என் வீடு இப்போது இல்லை. நெரிசலைப் பற்றி எழுத எனக்கு அங்கே தெருவும் இல்லை.

மூலைவீடு எழுதியது:

வாடகைவீடு, அந்தப் பெரியவரும் வாடகைக்குத்தான் இருந்தார். போன வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

எங்கள் இடத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த முறை தேதியை முதலில் பார்த்தேன், பள்ளி நடக்கிற நாள்தான். ஆனால் காலையில் எண்ணத் தொடங்கியது 9 மணிக்கு. மணி அடிப்பது எட்டரைக்கு. கடைசி நாளுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஆறு வீட்டிலும் நாளைக்குப் போய்க் கதவைத் தட்டப்போகிறேன்.