சாக்லேட்டில் முக்கும் ஸ்ட்ராபெரி: பாதியில் திரிந்துவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

மல்லிப்பந்தல்:
வணக்கம். வரும் ஞாயிறு தங்கைக்கு வளைகாப்பு. கலந்த சாதங்களோடு, மசக்கை நாளிலிருந்தே அவள் கேட்டுக்கொண்டிருக்கும் சாக்லேட் ஸ்ட்ராபெரியையும் என் கையால் செய்து வைக்க ஆசை. நேற்று ஒத்திகை பார்த்தேன். 200 கிராம் டார்க் சாக்லேட்டைக் கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கினேன், பளபளவென்று அழகாக வந்தது. நாலு பழம் முக்கினேன். ஐந்தாவதை முக்கும்போது திடீரென்று இறுகி ரவை உப்புமா மாதிரி உருண்டுவிட்டது. மறுபடி சூடு காட்டினால் இன்னும் மோசம். முக்கிய நாலையும் ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தேன், காலையில் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் முத்து முத்தாக வேர்த்து, இரண்டில் சாக்லேட் ஓடு கழன்று கையோடு வந்தது. மேலே சாம்பல் கோடு வேறு. ஊர் சென்னை, ஏசி ஒரு அறையில்தான். எங்கே தப்பு செய்தேன்?

கோவை_அடுமனை:
பழத்தைக் கழுவி எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள்? எதால் கிளறினீர்கள்?

மல்லிப்பந்தல்:
கழுவி, துணியால் துடைத்து உடனே முக்கினேன். மரக்கரண்டி, அதையும் அப்போதுதான் கழுவினேன்.

கோவை_அடுமனை:
அப்படியென்றால் தண்ணீர்தான். சாக்லேட்டுக்குள் சர்க்கரையும் கொக்கோத் தூளும் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிடும். உங்களுக்கு மூன்று வழியில் வந்திருக்கலாம்: கிண்ணத்தின் ஓரமாக ஏறும் ஆவி, மரத்தில் ஊறிய ஈரம், அப்புறம் பழத்தின் பச்சை இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீர். மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. துடைத்த பழத்தின் இலையைத் தூக்கி ஒரு டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள், நனையும்.

தங்கை கர்ப்பமாக இருப்பதால் கழுவாமல் விடவே கூடாது. நன்றாகக் கழுவி, பழைய பருத்தித் துணியில் இலை மேலே இருக்கும்படி பரப்பி, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் விடுங்கள். கீறல் விழுந்த பழம், சாறு கசியும் பழம் எதையும் முக்காதீர்கள். கீழே தண்ணீர் கொதிக்க வேண்டாம், சுட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிண்ணத்தை மேலே வையுங்கள், அந்தச் சூடே போதும்.

இறுகிப்போனதைக் கொட்டிவிடாதீர்கள். சூடான பாலை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி அடித்தால் இளகிக் குழம்பாகிவிடும். முக்க உதவாது, ஐஸ்கிரீம் மேல் ஊற்றலாம்.

அடுப்படி72:
நான் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் சேர்ப்பேன், நன்றாக இளகி மெல்லிய ஓடாகப் பிடிக்கும் அக்கா.

கோவை_அடுமனை:
குளிர் ஊரில் சரி. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், சென்னையில் அது பாட்டிலில் உறைவதே அபூர்வம். அதைச் சேர்த்தால் ஓடு தட்டிலேயே இளகும், விரலில் ஒட்டும். இங்கே வேண்டாம்.

தஞ்சைக்காரி:
சாம்பல் கோட்டை விரலால் தேய்த்துப் பாருங்கள். மறைந்தால் அது சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு, அதாவது கொக்கோ வெண்ணெய், மேலே வந்து பூத்தது. சொரசொரவென்று இருந்தால் வேர்த்த நீரில் சர்க்கரை கரைந்து காய்ந்தது. இரண்டும் சாப்பிடக் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

மல்லிப்பந்தல்:
தேய்த்தால் மறைகிறது!

தஞ்சைக்காரி:
அப்போது டெம்பரிங், அதாவது உருக்கிய சாக்லேட்டை அளவாக ஆறவைத்துப் பதப்படுத்துவது, செய்யாததுதான் காரணம். 300 கிராம் எடுத்தால் 200ஐ மட்டும் 45 டிகிரி வரை உருக்கி இறக்குங்கள். மிச்சம் 100ஐப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறிக்கொண்டே வந்தால் சூடு இறங்கும், 31, 32க்கு வந்ததும் முக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் கரண்டி நுனியில் எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள், லேசாகக் குளிர வேண்டும். ஏசி அறையில், கத்தி நுனியில் தடவியது ஐந்து நிமிடத்தில் மினுமினுப்போடு காய்ந்தால் தயார். ஃபிரிட்ஜில் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க இருந்தால் குளிர்ந்த சொம்பு வேர்க்கிற மாதிரி வெளியே வந்ததும் வேர்க்கும்.

இதெல்லாம் முடியாது என்றால் காம்பவுண்ட் சாக்லேட் வாங்குங்கள். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு, டெம்பரிங்கே தேவையில்லை, வெயிலையும் கொஞ்சம் தாங்கும். ஆனால் சுவை அவ்வளவு வராது, மெழுகு மாதிரி நாக்கில் நிற்கும். ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளைக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

மல்லிப்பந்தல்:
இன்று ஏசி அறையிலேயே உட்கார்ந்து மறுபடி செய்தேன். உதட்டுச் சோதனைதான். 14 பழமும் முக்கி முடித்தேன், கடைசி வரை இறுகவில்லை! ஒன்றைக் கடித்தபோது ஓடு டக்கென்று உடைந்தது, உள்ளே பழம் ஜில்லென்று புளிப்பாக. அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்தேன், பேசாமல் இன்னொன்றுக்குக் கை நீட்டினார். ஒரே சந்தேகம், வளைகாப்பு காலை பத்து மணிக்கு. சனி இரவே செய்து வைக்கலாமா?

கோவை_அடுமனை:
வேண்டாம், முக்கிவைத்த பழம் உள்ளிருந்து நீர் விடும். சனி இரவு சாக்லேட்டை நறுக்கி மட்டும் வையுங்கள். ஞாயிறு ஐந்து மணிக்குப் பழத்தைக் கழுவிக் காயப்போட்டால் எட்டு மணிக்குள் முக்கி முடித்துவிடலாம். அதுவரை ஏசியை அணைக்காதீர்கள்.