ஐ5-4570 வைத்து சைபர்பங்க் ஆடலாமா, இல்லை மூட்டை கட்டிவிடலாமா?

இரவுப்பறவை:
என்னிடம் இருப்பது பழைய அலுவலகக் கணினி. இன்டெல் கோர் ஐ5-4570, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் (ஒரே ஸ்டிக்), 500 ஜிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. சைபர்பங்க் 2077 கேம் ஆட ஆசை. ஓடத்தான் செய்கிறது, ஆனால் நத்தை மாதிரி. புதிய கணினிக்கு வழியில்லை; கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம் என்று பார்க்கிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிவிடவா?

திருப்புளி:
வேண்டாம், நிறுத்துங்கள். அந்த கார்டு ஸ்லாட் நீளமாக இருந்தாலும் 4 லேன் (தரவு போகும் தடம்) மட்டும்தான் பயன்படுத்தும். பிசிஐஇ (கார்டு ஸ்லாட்டின் இணைப்புத் தரம்) 4.0 போர்டில் அது பெரிதாகத் தெரியாது. உங்களுடையது 3.0, அதாவது பாதை பாதியாகிவிடும். அதற்கு மேல், கார்டின் சொந்த நினைவகமான 4 ஜிபி விரேம் நிரம்பியதும் மிச்சத்தை அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் கணினியின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். அங்கேதான் திணறும். அதைவிடப் பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி உங்களுக்குப் பொருத்தம், அது 16 லேன்.

கணக்குப்பிள்ளை:
எந்த கார்டு என்பதல்ல கேள்வி. அந்தக் கணினிக்குச் செலவு செய்வதே தப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதை. 2013-இல் வந்த 4 கோர், 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்) பிராசஸர் அது. 2.0 அப்டேட்டுக்குப் பிறகு சைபர்பங்க் குறைந்தபட்சமாகக் கேட்பதே ஐ7-6700, 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்). மூன்றும் உங்களிடம் இல்லை. கார்டை மாற்றினால் படம் அழகாகும், தெருவில் கூட்டம் வந்ததும் முன்னைப்போலவே வெட்டி வெட்டித்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஏஎம்4 (ஏஎம்டி சாக்கெட்) போர்டு, ரைசன் 5 5600 பிராசஸர், டிடிஆர்4 ரேம் என்று சேர்த்து வையுங்கள். நாளானாலும் பரவாயில்லை.

திருப்புளி:
"சேர்த்து வையுங்கள்" என்று சொல்வது சுலபம். அவர் கேட்டது 2020-இல் வந்த ஒரு கேமைப் பற்றி. நாளை வரப்போகும் எல்லாவற்றையும் பற்றி அல்ல. இண்டியானா ஜோன்ஸ் (2024), டூம்: தி டார்க் ஏஜஸ் (2025) மாதிரி ரே டிரேசிங் (ஒளி பரவுவதைக் கணக்கிட்டுக் காட்டும் முறை) கார்டு இல்லாமல் திறக்கவே மறுக்கும் கேம்களைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான். அப்புறம், இந்த ஐ5-இன் 4-ஆம் தலைமுறையை அவ்வளவு கேவலமாகப் பேசாதீர்கள். சில புதிய கேம்கள் ஏவிஎக்ஸ்2 என்ற பிராசஸர் கட்டளைத் தொகுப்பைக் கேட்கின்றன; 2, 3-ஆம் தலைமுறையில் அது இல்லை, இதில் உண்டு. அதே சாக்கெட்டில் ஐ7-4770 உட்காரும், திரெட் 8 ஆகிவிடும்.

கணக்குப்பிள்ளை:
அதைத்தான் வேண்டாம் என்கிறேன். அந்த ஐ7-ஐ நாளை எங்கே கொண்டுபோவீர்கள்? அந்த சாக்கெட்டோடு சேர்ந்து அதற்கும் சமாதிதான். வாங்குவது அடுத்த கணினிக்கும் கூடவே வருமா என்று பாருங்கள். எஸ்எஸ்டி வரும், நல்ல பவர் சப்ளை வரும், கார்டு வரும். பிராசஸரும் டிடிஆர்3-யும் வராது.

மின்விசிறி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரேம் ஒரே ஸ்டிக் என்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லையே? இன்னொரு 8 ஜிபி போட்டால் 16 ஆகும், டூயல் சேனலும் (ரேமுக்கு இரட்டைப் பாதை) கிடைக்கும். பிராசஸர் ரேமுக்காகக் காத்திருக்கும் நேரம் குறையும். கேமில் அந்தத் திடீர் வெட்டுகள் குறைவது கண்ணுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
டிடிஆர்3 அடுத்த கணினிக்கு வராது என்று இப்போதுதானே சொன்னேன்.

திருப்புளி:
வராதுதான். ஆனால் யாரும் சீந்தாத சரக்கு என்பதால்தானே அது மலிவு! கொள்கைக்காக 8 ஜிபியில் ஒருவர் அவதிப்பட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
சரி, ரேமுக்கு மட்டும் விலக்கு. ஐ7-க்கு இல்லை.

இரவுப்பறவை:
580 விற்கும் ஒருவரிடம் பேசினேன். என் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 290 வாட். கார்டுக்கான பவர் வயர் அதில் இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து மாற்றிக்கொள்ள ஒரு அடாப்டர் இலவசமாகத் தருகிறேன் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அந்த அடாப்டரைத் தொடாதீர்கள்!

திருப்புளி:
இதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 6 பின் கனெக்டரில் கார்டு 75 வாட் வரை கேட்கலாம். பெரும்பாலான 580-களில் இருப்பது 8 பின், அது இரண்டு மடங்கு. ஒருமுறை நானே அப்படி மாட்டி, பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்த பிறகுதான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். 580-இன் டிடிபி (கார்டு இழுக்கும் மின்சக்தியின் அளவு) 185 வாட். 580 வேண்டுமென்றால் பவர் சப்ளையையும் மாற்றியே ஆக வேண்டும். மூடியைத் திறந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய கனெக்டரை ஒரு போட்டோ எடுங்கள். அலுவலகக் கணினி என்றதும் எனக்கு ஒரு சந்தேகம்.

இரவுப்பறவை:
திறந்து பார்த்தேன். உள்ளே தூசி மூட்டை. பெரிய கனெக்டர் என்று எதுவும் இல்லை, மதர்போர்டுக்குப் போவது 8 பின்தான். 24 பின் இருக்க வேண்டும் அல்லவா?

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? தயாரித்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் செய்த போர்டு. சாதாரண எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

திருப்புளி:
24-ஐ 8 ஆக்கும் வயர் தனியாக விற்கிறது, அதனால் கதவு மூடிவிடவில்லை. ஆனால் 580, புது பவர் சப்ளை, வயர் என்று மூன்றையும் கூட்டினால் கணக்கு உங்கள் பக்கம் சாய்கிறது, அது உண்மை. இனி நான் 580 சொல்லமாட்டேன். ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டையும் எடுத்துக்கொள்ளும் ஜிடிஎக்ஸ் 1650 போதும். தனி பவர் வயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள், கேட்கும் மாடல்களும் உண்டு.

கணக்குப்பிள்ளை:
4 ஜிபி கார்டு! அந்த கேம் குறைந்தபட்சம் 6 கேட்கிறது ஐயா.

திருப்புளி:
லோ செட்டிங், எஃப்எஸ்ஆர் (குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டி வசதி) போட்டால் ஆடலாம். எஃப்எஸ்ஆர் பழைய என்விடியா கார்டிலும் வேலை செய்யும். நொடிக்கு 60 பிரேம் வரும் என்று நான் சொல்லவில்லை.

மின்விசிறி:
கார்டுக்கு அவசரம் வேண்டாம். முதலில் தூசி தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றி, எஸ்எஸ்டியும் ரேமும் போடுங்கள். பிறகு ஒரே இடத்தில் நின்று 1080பி தெளிவில் ஒருமுறை, அதைவிடக் குறைந்த 720பி-யில் ஒருமுறை பிரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். 720-இல் ஏறினால் தடை கார்டு. ஏறவில்லை என்றால் தடை பிராசஸர். நீங்கள் இருவரும் சண்டை போடுவதற்குப் பதில் கணினியே பதில் சொல்லட்டும்.

இரவுப்பறவை (இரண்டு வாரம் கழித்து):
சாட்டா எஸ்எஸ்டி, இன்னொரு 8 ஜிபி, புது பேஸ்ட் எல்லாம் ஆயிற்று. கேம் திறக்கும் நேரத்தில் இப்போது எழுந்து போய்விட்டு வர முடிவதில்லை. கார் வேகமாக ஓடும்போது கட்டடங்கள் தாமதமாக முளைப்பதும் நின்றுவிட்டது. சோதனையும் செய்தேன். நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் 720-க்கு இறக்கியதும் பிரேம் நன்றாக ஏறுகிறது. சந்தைக்குள் கூட்டத்தில் நின்றால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

திருப்புளி:
பாலைவனத்தில் நான் ஜெயித்தேன்.

கணக்குப்பிள்ளை:
சந்தையில் நான். செட்டிங்ஸில் கூட்டத்தின் அடர்த்தி என்று ஒன்று இருக்கிறது, அதை லோ-வில் வையுங்கள். பிராசஸருக்குக் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். காசும் ஆகாது.

இரவுப்பறவை:
வைத்துவிட்டேன், பரவாயில்லை. 1650 கிடைக்கும்வரை பாலைவனத்திலேயே கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.